மைனாவுக்கு ஒரு வீடு வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் காப்பகத்தில் மைனா என்றொரு கன்னி இன நாய் புது வீட்டுக்காகக் காத்திருக்கிறாள். அவளைப் பற்றித் தொலைபேசியில் விசாரிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். அவளை அழைத்துப்போக நினைப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

மைனா எப்படிப்பட்ட நாய்?

நான்கு வயதுப் பெண் நாய். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் ஒரு காலத்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம் கன்னி. மூக்கைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் நாய்கள் இவை. கறுப்பு உடம்பு, கால்களிலும் மார்பிலும் புருவத்துக்கு மேலும் செம்பழுப்பு. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. ராஜபாளையம் நாயின் படத்தை 2005இல் அஞ்சல் துறை தபால்தலையாகவே வெளியிட்டது. கன்னியை அந்த அளவுக்குப் பலருக்குத் தெரியாது. மைனாவைப் பார்த்துவிட்டு "இது டாபர்மேனா?" என்று கேட்டவர்கள் உண்டு.

குணத்தில் பரம சாது. புது ஆள் வந்தால் பின்சுவரோடு ஒட்டி நின்றுகொள்வாள். குரைக்க மாட்டாள். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பாள். காதுகள் மட்டும் உங்களையே கவனித்துக்கொண்டிருக்கும். பழகியவர்களிடம் நடந்துகொள்கிற விதமே வேறு. சாயங்காலம் வேக வைத்த ஈரல் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினால், ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கியபடி கொஞ்சம் யோசிப்பாள். பிறகு கழுத்தை மட்டும் நீட்டி, பல் படாமல் உதட்டாலேயே எடுத்துக்கொள்வாள். தின்று முடித்ததும் கையை ஒரு முறை நக்கிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடுவாள்.

முன்பு வளர்த்தவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெரியவர் தோட்டத்து வீட்டில் அவளைக் குட்டியிலிருந்து வளர்த்தார். உடல்நலம் குன்றியதும் சென்னையில் மகன் வீட்டுக்கு வந்தார். மைனாவும் கூடவே வந்தாள். அவர் காலமான பிறகு, கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் முழுவதும் தனியாக இருக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டை ஒதுக்கினாள், பெரியவரின் அறை வாசலை விட்டு நகர மறுத்தாள். மகனுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்தபோது எங்களிடம் ஒப்படைத்தார்கள். தடுப்பூசி அட்டை, அவள் படுக்கும் போர்வை, சாப்பிடும் தட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"எப்படித்தான் மனது வந்ததோ!" என்று பலர் சொல்கிறார்கள். அவர்களைத் திட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் ஊரில், நாயின் பழக்க வழக்கங்களை உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த விவரங்கள் இல்லாவிட்டால் அவளைப் பற்றி இவ்வளவு எழுத எங்களால் முடிந்திருக்காது. நாயைக் கொடுக்க வேண்டிய நிலை வந்தவர்கள் ஏச்சுக்குப் பயந்தால், அடுத்த நாய் காப்பகத்துக்கு வராது, சாலையில்தான் இறக்கிவிடப்படும்.

இவ்வளவு பயப்படுகிறாளே, யாராவது அடித்து வளர்த்திருப்பார்களோ?

பார்க்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அடிபட்டதற்கான அடையாளம் எதுவும் அவளிடம் இல்லை. கையை உயர்த்தினாலோ துடைப்பத்தை எடுத்தாலோ அவள் பதுங்குவதும் இல்லை.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைக்கும் பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள், மிதிக்கிற தரை ஆகியவைதான் அதன் உலகத்தில் இயல்பானவையாகப் பதியும். அந்தப் பருவத்தில் மைனா பார்த்தது ஒரு தோட்டம், ஒரு கிணற்று மோட்டார், இரண்டு மூன்று மனிதர்கள். லிஃப்டும் பிரஷர் குக்கர் விசிலும் பளபளப்பான டைல்ஸ் தரையும் அவளுக்கு வளர்ந்த பிறகு வந்தவை. போதாததற்கு, பிறவியிலேயே ஒதுங்கும் சுபாவம் இந்த இனத்தில் அதிகம். இவற்றோடு தன் மனிதரை இழந்ததும் சேர்ந்துகொண்டது. இந்த மூன்றும் போதும். கொடுமைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

இதை இவ்வளவு விளக்கக் காரணம் உண்டு. "பாவம், எவ்வளவு அடிபட்டதோ" என்று நினைத்து அழைத்துப்போகிறவர்கள் ஓயாமல் தடவிக்கொடுத்தும் மடியில் இழுத்துவைத்தும் தேற்றப் பார்க்கிறார்கள். கூச்சமுள்ள நாய்க்கு அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது.

கடிப்பாளா?

எங்களிடம் வந்த பிறகு யாரையும் கடித்ததில்லை. முந்தைய வீட்டிலும் கடித்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் "இந்த நாய் ஒருபோதும் கடிக்காது" என்று எந்த நாய்க்கும் நாங்கள் உறுதி தருவதில்லை. தப்பிக்க வழியில்லாத மூலையில் மாட்டினால் எவ்வளவு சாதுவான நாயும் பல்லைக் காட்டும்.

அதற்கு முன்னால் அது பலமுறை சொல்லிவிடும். நாம் கவனிக்க வேண்டும். தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, பக்கத்தில் சாப்பாடே இல்லாமல் மூக்கை நக்கிக்கொள்வது, முகம் ஒரு பக்கமும் விழி மறுபக்கமுமாக வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு அப்படியே விறைத்து நிற்பது எல்லாமே "போதும், கொஞ்சம் தள்ளிப்போ" என்பதற்கான அடையாளங்கள். வாலை ஆட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. தாழ்த்திக் காலிடுக்கில் ஆட்டும் வால் பயத்தைக் காட்டுகிறது. உறுமினால் அதட்டாதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும்.

பார்க்க வரும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நேராக அவளை நோக்கி நடக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோவது கூடவே கூடாது. எங்களோடு பேசிக்கொண்டிருங்கள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அருகில் வந்து மோந்தால் கையை அசைக்காமல் விட்டுவிடுங்கள். பிறகும் நின்றால் கழுத்துக்குக் கீழே மார்பில் மெதுவாகச் சொறியலாம். இரண்டு மூன்று விநாடி சொறிந்துவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அவளே நெருங்கி வருவாள்.

முதல் முறை அவள் வராமலே போகலாம். அது உங்களை நிராகரித்ததாகாது. இன்னொரு நாள் வாருங்கள்.

வீட்டுக்கு அழைத்துப்போன பிறகு முதல் நாட்கள் எப்படி இருக்கும்?

காப்பகங்களில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நேரங்காலம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று மனதில் படிய மூன்று மாதம். பொதுவான கணக்கு இது. மைனா போன்றவளுக்கு ஒவ்வொரு கட்டமும் நீளும் என்று எதிர்பார்த்து அழைத்துப்போங்கள்.

அவள் வருவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்யுங்கள். நடமாட்டம் இல்லாத அறையில், இரண்டு சுவர் சேரும் மூலையில் அவளுடைய போர்வையை விரியுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் அங்கேயே இருக்கட்டும். கையை விட்டு இழுக்காதீர்கள், குனிந்து குனிந்து எட்டிப்பார்க்கவும் வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் என்றால் கதவிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் பழைய மிதியடிகளை வரிசையாகப் போட்டுவையுங்கள். கால் வழுக்குமோ என்ற பயத்திலேயே தண்ணீர் குடிக்க வராமல் இருந்துவிடுவாள்.

முதல் நாள் சாப்பிடாமல் இருக்கலாம். தட்டை வைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். வீடு அடங்கிய பிறகு இரவில் எழுந்து சாப்பிடுவது இவளுக்கு வழக்கம். இரண்டு நாளாகியும் எதையுமே தொடவில்லை என்றாலோ தண்ணீரைக்கூட ஒதுக்கினாலோ எங்களை உடனே கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விட்டால் துடைத்துவிட்டு விட்டுவிடுங்கள். தோட்டத்தில் வளர்ந்தவள், அவளுக்கு மண் வேண்டும். விடியற்காலையிலும் இரவிலும் தெரு அடங்கிய நேரத்தில், தினமும் அதே மண்தரைக்கு அழைத்துப்போனால் சீக்கிரம் புரிந்துகொள்வாள்.

நாய் வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். முதல் மூன்று வாரம் அது வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டுவதையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரே அறையில் நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது இவளிடம் நன்றாகப் பலித்திருக்கிறது. தன்னைக் கவனிக்காத மனிதக் குரல் அவளுக்கு நிம்மதியைத் தருகிறது. பெரியவர் வீட்டில் வானொலி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்குமாம்.

ஓடிப்போய்விடுவாளா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களிடமும் நாங்களே பேச்சை எடுப்போம். மிரண்ட நாய் காணாமல் போகும் ஆபத்து முதல் மாதத்தில் மிக அதிகம். கன்னிக்கு வேகம் அதிகம் என்பதோடு இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த வகை நாய்களின் தலை மிகவும் ஒடுங்கியது. பயந்து பின்னால் இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை காது வழியே சட்டென்று கழன்று வந்துவிடும். இறுக்கமாகக் கட்டினால் தொண்டையை அழுத்தும்.

எனவே இழுக்கும்போது மட்டும் அளவாக இறுகும் இரட்டை வளையப் பட்டைதான் இவளுக்கு வேண்டும். கடையில் மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள். அதோடு உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் ஒன்று. இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டி, இரண்டையும் ஒரே ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று கழன்றாலும் மற்றது காப்பாற்றும். இவற்றை நாங்களே கொடுத்தனுப்புகிறோம். திறந்த மைதானமாக இருந்தாலும் கயிற்றை அவிழ்த்து விடாதீர்கள். அணிலோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அவள் காதில் விழாது.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சூரியன் மறைவதற்குள் நடையை முடித்துவிடுங்கள். வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு அவளோடு ஒருவர் இருக்க வேண்டும். வாசல் கேட்டில் இரண்டாவது தாழ்ப்பாள் அவசியம்.

தப்பிவிட்டால்? துரத்தாதீர்கள். நாலு பேர் சேர்ந்து தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு தேடினால் இன்னும் தூரம் போய்விடுவாள். கடைசியாகப் பார்த்த இடத்தில் அவளுடைய போர்வையையும் மணமுள்ள சாப்பாட்டையும் வைத்துவிட்டு, எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அவள் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இரவிலும் அதிகாலையிலும்தான் இப்படிப்பட்ட நாய்கள் திரும்பி வருகின்றன.

காவலுக்கு ஆகுமா?

ஆகாது. திருடன் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

குழந்தைகள், பூனை, கோழி உள்ள வீட்டுக்குச் சரிப்படுமா?

பத்து வயதுக்கு மேற்பட்ட, சொன்னால் கேட்டு அமைதியாக இருக்கத் தெரிந்த பிள்ளைகள் என்றால் சரி. தவழும் குழந்தையும் ஓடியாடும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு இவளைத் தரமாட்டோம். பிள்ளைகள் மீது குறையில்லை. சத்தம் இவளுக்கு ஆகாது. பூனை, கோழி, முயல் வளர்க்கும் வீடும் வேண்டாம். ஓடுகிற சிறு பிராணியைத் துரத்துவது இவளுடைய ரத்தத்தில் ஊறியது, பயிற்சியால் முழுதாக மாற்ற முடியாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் மிக நல்லது. இங்கே வயதான ஓர் ஆண் நாட்டுநாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் ஒரு மனிதரிடம் போனால் இவளும் பின்னாலேயே இரண்டடி எடுத்து வைக்கிறாள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்துக்கொள்ள முடியுமா? சங்கத்தில் ஆட்சேபித்தால்?

முடியும். துரத்தும் நேரம் போக மீதி நேரமெல்லாம் படுத்துக் கிடக்கிற இனம் இது. காலையும் மாலையும் நல்ல நடை கிடைத்தால் போதும். தரைத்தளமோ முதல் மாடியோ வசதி. லிஃப்டுக்குள் நுழைய அவளுக்கு இன்னும் பயம்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவு எடுத்தாலும்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. அதே நேரம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்வதும், பொது இடத்தில் மலம் கழித்தால் அள்ளி அப்புறப்படுத்துவதும் உங்கள் பொறுப்பு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். காப்பகத்துக்குத் திரும்பி வரும் நாய்களில் பல, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாததால் வருபவை.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் வாங்கவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று அதற்குத் தேவை. அதை நாங்கள் கையில் தருகிறோம்.

என்ன சாப்பிடுவாள்?

பெரியவர் கொடுத்துப் பழக்கியது கம்பஞ்சோறும் மோரும், வாரத்தில் சில நாள் முட்டையும். இங்கே சோறு, வேக வைத்த கோழி, பூசணி, கேரட், கொஞ்சம் ஈரல். தயிர்சாதம் பிடிக்கும், ஆனால் அது மட்டுமே சாப்பாடாகிவிடக் கூடாது. நாய்க்குப் புரதம் வேண்டும். சாம்பார் சாதம் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்த மிட்டாய் ஆகியவையும் நஞ்சு. வேக வைத்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள்.

விலா எலும்பு லேசாகத் தெரிவதைப் பார்த்து "பட்டினி போட்டிருக்கிறீர்களே" என்று வருத்தப்படுகிறார்கள். கன்னி அப்படித்தான் இருக்க வேண்டும். குண்டாக்கினால் மூட்டு கெடும். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகக் கொடுங்கள், சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள்.

உடல்நலம் எப்படி?

கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் போட்டாயிற்று; ஆண்டுதோறும் தொடரவேண்டும். வந்தபோது உண்ணிக் காய்ச்சல் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா என்று உறுதியாகி, நான்கு வாரம் டாக்சிசைக்ளின் கொடுத்துக் குணமானது. இந்தக் காய்ச்சலில் குறையும் ரத்தத் தட்டணுக்கள் இப்போது சரியான அளவில் இருக்கின்றன. சென்னை வெயிலில் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். மாதாமாதம் மருந்து போடத் தவறாதீர்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பாருங்கள். மைனா கால் விரலைத் தொடவிட நாளாகும். அதுவரை அவள் தூங்கும்போது தள்ளி நின்று பார்த்துக்கொள்ளலாம்.

எப்போதாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், இது ஒல்லியான வேட்டைநாய் வகை என்பதை மருத்துவருக்கு முன்கூட்டியே நினைவூட்டுங்கள். உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகளின் வேகம் இவற்றுக்கு இறங்கத் தாமதமாகும்.

கன்னி கிடைப்பது அரிது. ஒரு குட்டியாவது எடுக்கலாமே?

முடியாது, கருத்தடை செய்தாயிற்று. செய்யாமல் இருந்திருந்தாலும் தரமாட்டோம். நாட்டு இனங்களைக் காக்க வேண்டும் என்ற அக்கறையை மதிக்கிறோம். ஆனால் ஏற்கெனவே பிறந்து, நான்கு ஆண்டு வாழ்ந்து, இப்போது போக்கிடம் இல்லாமல் நிற்கும் இந்த ஒரு கன்னியைக் காப்பதும் அதில் சேரும்.

பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். தருவீர்களா?

இவளைத் தர மாட்டோம். முந்தைய வீட்டில் அவள் நொந்துபோனதே அதனால்தான். ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், ஒருவராவது பகலில் இருக்கும் குடும்பம் ஆகியோருக்கு முன்னுரிமை. "எங்களுக்கு வயதாகிவிட்டது, நாய் வளர்க்கத் தருவீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். மைனாவுக்கு நாங்கள் தேடுவதே உங்களைப் போன்ற அமைதியான வீட்டைத்தான். உங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒத்துவராவிட்டால் என்ன செய்வது?

எங்களிடமே திருப்பிக் கொடுங்கள், எத்தனை ஆண்டு கழித்தானாலும் சரி. காரணம் கேட்போம், கடிந்துகொள்ள மாட்டோம். வேறு யாருக்கும் நீங்களாகக் கைமாற்றக் கூடாது. வளர்க்கும் பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

ஆனால் ஒரு வாரத்திலேயே "என்னிடம் ஒட்டவே மாட்டேன் என்கிறாள்" என்று சொல்லித் திருப்புவதாக இருந்தால் தயவுசெய்து ஆரம்பிக்கவே வேண்டாம். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அவள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தயக்கமாக இருந்தால் முதலில் ஒரு மாதம் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மாதமும் அவளுக்குக் காப்பகத்தின் இரைச்சலிலிருந்து விடுதலைதான்.

சரி, அழைத்துப்போக விரும்புகிறேன். அடுத்து என்ன?

கட்டணம் எதுவும் இல்லை. முதலில் தொலைபேசியில் பேசுவோம். பிறகு நீங்கள் இங்கே வந்து அவளைப் பார்க்கவேண்டும், முடிந்தால் வீட்டில் இருக்கும் எல்லோரும். அதன் பின் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருவோம். கேட், பால்கனிக் கம்பி இடைவெளி, மண்தரை எவ்வளவு தூரம் என்பவற்றைப் பார்ப்பதற்காகத்தான், வீடு பெரிதா சிறிதா என்று பார்ப்பதற்கில்லை. எல்லாம் சரியென்றால், தொடர்ந்து சில நாள் வீட்டில் இருக்க முடிகிற சமயமாகப் பார்த்து, நாங்களே வண்டியில் கொண்டுவந்து விடுவோம். முதல் மூன்று மாதம் அவ்வப்போது விசாரிப்போம்.

பார்க்க வருகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள். காலையில் கூண்டு கழுவும் சத்தத்தில் அவள் யாரிடமும் வரமாட்டாள். ஈரலை நாங்களே வேக வைத்துத் தருகிறோம்.